7126-க்கு நான் வைத்த பெயர்

அக்டோபர் 3, வெள்ளி

தொடுதிரை வந்துவிட்டது. இனிமேல் எனக்குப் பணி ஓய்வு.

ஜூனில் ஹேகி வீட்டுக் களஞ்சியம் எரிந்தபோது தீயணைக்கப் போன அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொல் பேச்சு கேட்பதில்லை. ("உன்னை மாதிரியே" என்பார் என்னிடம்.) சாப்பாட்டு அறைதான் இப்போது அவர் அறை. தீயணைப்புக்காரர்கள் பேசுவதைக் கேட்கிற ரேடியோ ஸ்கேனரோ பரணில். ஆண்டெனா ஒயர் அதுவரைதான் எட்டும். ஸ்பீக்கர் ஒயரை மட்டும் கீழே இழுத்து வைத்திருக்கிறோம். பட்டன்கள் எல்லாம் மேலே.

அதனால் பட்டன் நான்தான். "ரீனா! அங்கயே நிறுத்து!" என்று ஒரு சத்தம் வரும். இரண்டு மாடி ஓடிப் போய், அலைவரிசை அலைவரிசையாகத் தாவும் ஸ்கேனரை நிறுத்துவதற்குள் தீயே அணைந்திருக்கும்.

அக்டோபர் 4, சனி

காலையெல்லாம் மல்லுக்கட்டு. யுஎஸ்பி ஒயரைச் செருகினால் ஸ்கேனர் ஒரு கேள்வி கேட்கிறது: நான் பேச வேண்டுமா, வெறும் பென் டிரைவாக இருக்க வேண்டுமா? தப்பான பதிலைத் தொட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டது. "பரவால்ல, நம்ம வீட்டுல ஒண்ணாவது வாய மூடுச்சு" என்றாள் அம்மா.

ஒயரே வேண்டாம் என்று ரவுட்டர் வழியாக இணைத்தேன். ஸ்கேனரின் முகவரியில் ஓர் இலக்கம் தவறு. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். சரியானதும் கட்டிலுக்கு மேல் திரை பளிச்சென்று எரிந்தது. அப்பா ஒரு விரலால் தொட்டார். பரணில் ஸ்கேனர் நின்றது. மறுபடி தொட்டார். ஓடியது. இருபது தடவையாவது தொட்டிருப்பார்.

அக்டோபர் 5, ஞாயிறு

யார் பேசினாலும் அவருடைய ரேடியோ எண் திரையில் எரிகிறது. எண்ணுக்குப் பெயரும் வைக்கலாம். இந்த மாதிரி அதிகாரத்தை என் கையில் கொடுக்கலாமா?

7101, தீயணைப்புப் படையின் சீஃப் ஹோஸ்டெட்டர்: சூப் சட்டி. 7140, ஆம்புலன்ஸ்: ஆமைபுலன்ஸ். கட்டுப்பாட்டு அறை அம்மணி: கொட்டாவி.

அப்பா சிரித்ததில் முதுகு வலித்தது. கடைசியாக 7126. அவருடைய பழைய ரேடியோ. 'அப்பா' என்று போட்டேன்.

"அது எரியாதுடி. நான் வர்ற வரைக்கும் தீயணைப்புக் கூடத்துல என் அலமாரியில பூட்டி வெச்சிருக்கறதா சீஃப் சொல்லியிருக்கான்."

"இருந்துட்டுப் போகட்டும்பா."

பதினெட்டு வருஷம் சம்பளமில்லாமல் தீயணைக்க ஓடியவர். அந்த அலமாரி ஒன்றுதான் அவருக்கு இப்போது பாக்கி.

அக்டோபர் 11, சனி

தீயணைப்புக் கூடத்தில் கோழி பார்பிக்யூ. சீஃப் எங்கள் வீட்டுக்கு மூன்று பொட்டலம் கொண்டுவந்தார்.

"உன் ரேடியோ சார்ஜ்லயே இருக்கு வெர்லின். பனி கரைஞ்சதும் வந்து எடுத்துக்க."

"சார்ஜ் இறங்காம பாத்துக்கப்பா" என்றார் அப்பா. கோழியைத் தொடவில்லை. பசியில்லையாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

3:40-க்கு 'அப்பா' எரிந்தது.

அக்டோபர் 15, புதன்

நேற்று எழுத முடியவில்லை. பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூக்கம் போல. திரையில் 'அப்பா'. ஸ்பீக்கரில் வேறொரு குரல். வாக்கியம் முடிவதற்குள் இரண்டு தடவை உடைகிற குரல். கோல்பி ஸெர்ப். போன வருஷம் வரை என் பள்ளிப் பேருந்தில் வந்தவன், இப்போது தீயணைப்புப் படையில் புதுப் பையன்.

இன்று நேரே கூடத்துக்குப் போய்க் கேட்டேன்.

"ரேடியோ சும்மா தூங்கிட்டிருந்துச்சும்மா. பையனுக்குத் தேவைப்பட்டுச்சு" என்றார் சீஃப்.

"அப்ப அலமாரி?"

"அதுவும்தான்." தரையைப் பார்த்தார். "ஆகஸ்ட்லயே அவனைப் பட்டியல்லருந்து எடுத்துடலாம்னு எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணிட்டோம். இனிமே நடக்க மாட்டான்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியுமே. அப்பாகிட்ட சொல்லிடாத, மனசு உடைஞ்சிடுவான்."

கை தூக்கினார்களாம். கைவிட்டுவிட்டோம் என்று சொல்ல வேண்டியதுதானே! வண்டி கழுவும் பையனிலிருந்து எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு மட்டும் கோழிக்கால்.

நான் ஏன் அங்கேயே கத்தவில்லை? ஒரு விருந்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை வைத்து ஊரையே கத்தவிட்டவள்தானே நான்!

அக்டோபர் 16, வியாழன்

அம்மா அப்பாவைக் குளிப்பாட்டும் நேரத்தில் 7126-இன் பெயரை அழித்தேன். இனிமேல் வெறும் எண். நூறு எண்களில் ஒன்று.

நான் செய்ததிலேயே யாரும் சிரிக்காத குறும்பு இதுதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

7126 எரிகிறது. அப்பா பார்க்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தப்பிக்கவில்லை.

"என் பேரை ஏன்டி எடுத்த?"

திரை தானாக அழித்துவிட்டது என்று ஏதோ உளறினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பேர் வெச்ச மறுநாளே எரிஞ்சுது. திங்கக்கிழமை. நீ ஸ்கூல்ல இருந்த."

அப்படியென்றால் — பார்பிக்யூவுக்கு ஐந்து நாள் முன்னாலேயே. தெரிந்துகொண்டேதான் சார்ஜைப் பற்றிச் சொன்னாரா?

"ஏம்ப்பா சொல்லல?"

"யார் பேசினா என்ன? என் பேரு வண்டியில போய்ட்டு வந்துட்டிருந்துச்சு. பாக்க நல்லா இருந்துச்சு. அதையும் நீ எடுத்துட்ட."

நான் அவரைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

சீஃப் பீன்ஸ் சூப்போடு வந்தார். வழக்கமான பாட்டு: அலமாரி, சார்ஜ், பனி. நான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நூலகச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது என்று அழைப்பு வந்தது.

திரை எரிந்தது. பெரிய எழுத்தில்: அப்பா.

"—பது நிமிஷத்துல பாதை சரியாகும்" என்றது கோல்பியின் உடைந்த குரல்.

சீஃப் திரையைப் படித்தார். மறுபடி படித்தார். தொப்பியைக் கையில் எடுத்தார்.

"பேட்டரி நல்லா நிக்குதுப்பா" என்றார் அப்பா.

"வெர்லின், நான் சொல்லத்தான் இருந்தேன்..."

"பையன்கிட்ட சொல்லு. பட்டனை அழுத்தி ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசணும். முதல் வார்த்தை வெட்டுப்படுது. இருபதா முப்பதான்னு யாருக்குத் தெரியும்?"

சீஃப் போனபின் சூப்பை யாரும் குடிக்கவில்லை.

நவம்பர் 1, சனி

காலையில் அப்பா தூங்கும்போது திரையைத் துடைக்கப் போனேன். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பதித்திருக்கிறார். 7126: கோல்பி ஸெர்ப். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

மத்தியானம் புகைபோக்கித் தீ. கோல்பி பேசினான். முதல் வார்த்தை முழுசாகக் கேட்டது. பிறகு சீஃப் உத்தரவு கொடுத்தார். 'சூப் சட்டி' எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரியவில்லை. அப்பா அந்தப் பெயரை எடுத்துவிட்டிருக்கிறார். வெறும் 7101.