கடைசி மூலையை மடிக்கும் கை

இன்று காலை பபேடான் தெருவில் பராட்டாக் கல்லில் எண்ணெய் காயும் வாசனை வந்ததும் நின்றுவிட்டேன். நீங்கள் இறந்த செய்தியை நேற்றுதான் வானொலியில் கேட்டேன். ஆவணப்படங்களில் தொடங்கிக் கதைப்படங்களுக்குப் போன பிரிட்டிஷ் இயக்குநர் என்று இரண்டு வரியில் உங்களை முடித்துவிட்டார்கள். அதை இந்தப் பராட்டாக் கடை, ஊர்ப்பேச்சில் பலாட்டாக் கடை, அக்காவிடம் எப்படிச் சொல்வது?

ராணுவ ஆட்சிக்கு எதிரான எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு, சுற்றுலாப் பயணியாக எங்கள் நாட்டுக்கு வந்தீர்கள். பைக்குள் சின்னக் காமிரா. மொழிபெயர்க்க நான் கூட வந்தேன். ஊர்வலத்துக்குப் போன அக்காவின் மகன் வீடு திரும்பியிருக்கவில்லை. எல்லை தாண்டிவிட்டான் என்று பேச்சு. யாரையும் முகம் தெரியப் படம்பிடிப்பதில்லை என்பது உங்கள் விதி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"மூஞ்சியக் காட்டச் சொல்லு தம்பி. எங்கயாச்சும் என் மவன் பாத்தா, அம்மா உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்குவான்ல."

நீங்கள் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "முகம் போலீசுக்கும் தெரியும். மகனுக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று கேளுங்கள்."

கேட்டேன். அக்கா சிரித்தார். "கடைசி மூலைய அழுத்துற இந்தக் கோண விரலுதான். 'நீ மடிச்ச பலாட்டாவுக்குக் கையெழுத்தே வேணாம்மா'ம்பான்."

அந்தக் கையை மட்டும் படம்பிடித்தீர்கள். படம் வெளிநாட்டில் சில அரங்குகளில் ஓடி அடங்கியது. மகனிடமிருந்து தகவல் இல்லை. பிறகு நீங்கள் கதைப்படங்களுக்குப் போனீர்கள். எங்களை மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். நடைபாதைக் கடையில் உங்கள் படத்தின் திருட்டுக் குறுந்தகடு கிடைக்கும் வரை. இங்கிலாந்துச் சமையலறை ஒன்று. நடிகை மாவை மடித்து, கடைசி மூலையை வளைந்த சுண்டுவிரலால் அழுத்துகிறாள். அடுத்து வந்த போர்ப் படத்திலும் முகாம் அடுப்பருகே அதே மடிப்பு. அதை உங்கள் பாணி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். காணாமல்போன ஒருவனுக்கான அறிவிப்பு என்பது நமக்குத்தான் தெரியும். அக்கா ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு அழுத்தம் பத்தல" என்பார்.

நீங்கள் இறந்ததை இன்று அக்காவிடம் சொன்னேன். அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப இனிமே யாரு காட்டுவா?"

அலுப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் எழுதியும், காணாமல்போனவர்கள் ஒருவரையும் என் எழுத்து திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அக்காவின் மகன் எங்கேயாவது தமிழ் படிக்கிறானோ என்னவோ. ஆனாலும் உங்கள் விதிப்படி, பெயரும் முகமும் இல்லாமல் எழுதிவைக்கிறேன்: பபேடானில் ஒரு பராட்டாக் கடை. மூன்று மூலைகளை வேகமாக மடிக்கிறார். கடைசி மூலைக்கு மட்டும் சற்று நின்று, இடது கைச் சுண்டுவிரலால் அழுத்துகிறார். இன்று காலையும் அழுத்தினார்.