இடது தோளுக்கு அமைந்த துப்பாக்கி

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.
15-11-1962

அன்பு மகள் பூவம்மாவுக்கு அம்மா முத்தாயி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பிடுகிற சோறு உள்ளே இறங்கும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தீபாவளிக்கு முன்னாலேயே உன் கடிதம் வந்துவிட்டது, இந்த வருஷம் தீபாவளி போய் மழைக்காலமும் பிடித்துக்கொண்டது, தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் ஈரக் கையோடு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை போட்டிருப்பார்கள், எழுத நேரம் இருக்காது என்று உன் தம்பி மருதப்பன் சமாதானம் சொல்கிறான். அவன் குவீன்ஸ்டவுன் வீட்டில் இப்போது குழாய்த் தண்ணீர் மாடிக்கே வருகிறது, மருமகள் ரத்தினம்மா முழுகாமல் இருக்கிறாள், மாங்காய் கேட்கிறாள் என்று தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன். கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. உன் அப்பா நன்றாக இருக்கிறார். நீ நர்ஸ் படிப்பு முடிந்தும் அங்கேயே வேலை பார்க்கப் போவதாக எழுதிய நாளிலிருந்து அவர் உனக்குப் பேனா எடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, நீ பயப்படாமல் நிதானமாகப் படி.

நாங்கள் இங்கே தோட்டத்தோடு வீடு எடுத்து வந்ததிலிருந்து காட்டுப் பன்றித் தொல்லை உண்டு என்று முன்பே எழுதியிருந்தேன். இந்த வருஷம் அது மரவள்ளியைத் தோண்டித் தின்பதோடு நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து செல்லக்கண்ணு, ஆடு வளர்க்கிறாரே அவர்தான், காலையில் புல் அறுக்கப் போனவரைப் பன்றி தொடையில் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள், இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதற்கப்புறம் கிணற்றடிக்குத் தனியாகப் போக எனக்கே கால் வரவில்லை. உன் அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து, யுத்தத்துக்கு முன்னால் தொண்டர் படையில் துப்பாக்கி பழகினவர் என்பதைச் சொல்லி, ஒரு ரைபிளுக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான். துப்பாக்கியைக் கடையில் வாங்குவதா, நாமே செய்துகொள்வதா என்று.

நான் வாங்கச் சொன்னேன். மருதப்பன் வந்தபோது அவனும் அதையேதான் சொன்னான். “கடையில வாங்கினா கேரண்டி இருக்கு லா. நீங்க எதுக்குப்பா இந்த வயசுல ரிஸ்க் எடுக்குறீங்க?” என்று கேட்டான். உன் அப்பாவும் டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். புதிதாக, பளபளவென்று, இங்கிலாந்திலிருந்து வந்த ரைபிளைத் தோளில் வைத்துப் பார்த்தாராம். வந்து சட்டையைக் கழற்றும்போதே சொல்கிறார், “நல்லா உட்காருது முத்தாயி, குறையே சொல்ல முடியாது. ஆனா எவனோ முகம் தெரியாதவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. நாள் முழுக்க மரத்துல கை வைக்கிறவன், அடுத்தவன் செதுக்கின கட்டையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு நிக்கிறதா?” என்று. அந்தச் சமயம் பார்த்து யாக்கூப் பாய் ஒரு யோசனை சொன்னார். நாம் கெர்பாவ் ரோட்டில் குடியிருந்தபோது எதிர்வீட்டில் இருந்தாரே, துப்பாக்கி பழுது பார்க்கிற கடையில் வேலை, அவர்தான். அவர் கடையில் ஒரு பழைய வேட்டை ரைபிளின் இரும்புப் பாகங்கள் மட்டும் கிடந்தன, மரத்தைக் கரையான் தின்றுவிட்டது. யுத்தத்துக்கு முன்னால் யாரோ ஒரு எஸ்டேட் துரை பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லையாம். கடைக்காரரும் போலீஸும் சம்மதித்து முறைப்படி எழுதிக் கொடுத்தால், தோளில் ஊன்றுகிற மரக்கட்டையை மட்டும் உன் அப்பா செய்து பூட்டிக்கொள்ளலாம் என்றார். உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நான் சொல்லி எடுபடாது என்று. திரும்பி வராதவனுடைய சாமான் நமக்கு எதற்கு என்று மட்டும் ஒரு தடவை சொன்னேன். இரும்புக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்.

பட்டறையில் அங்சானா மரத்தில் நன்றாக உலர்ந்த துண்டு ஒன்று வைத்திருந்தார், அதில் செதுக்கினார். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் உள்ள நீளம்தான் கட்டைக்கு அளவு என்று தன் கையை நீட்டி என்னையே நாடாப் பிடிக்கச் சொன்னார், நானும் பிடித்தேன். கட்டை முடிந்து இரும்பைப் பூட்டித் தோளில் வைத்தால் குட்டையாக இருக்கிறது. அவர் மூக்கு போய்க் கட்டைவிரலில் இடிக்கிறது. நாடா நழுவியிருக்கும் என்று என்னைத்தான் திட்டினார். மறுபடி வேறு துண்டு எடுத்து, இந்தத் தடவை வேண்டுமென்றே கொஞ்சம் நீளம் விட்டு, தானே கோடு போட்டு, தானே அறுத்தார். அதுவும் குட்டை. முதல் கட்டையையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம் பூவு, மயிரிழை வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. குறி பார்க்கும்போது கன்னத்தை வைத்துக்கொள்ள ஒரு மேடு செதுக்குவார்களாம், வலது தோளில் வைக்கிறவனுக்கு அது கட்டையின் இடது பக்கம் வரவேண்டும். உன் அப்பா செதுக்கிய இரண்டிலும் அது வலது பக்கம் இருந்தது, இடது தோளில் வைக்கிறவர்களுக்கு ஆகிற மாதிரி. முப்பது வருஷம் அலமாரியும் கட்டிலும் செய்த மனுஷர், ஒரு கதவைக்கூட மாற்றிப் பூட்டியதில்லை. அதைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “செதுக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதே நெஞ்சுக்குள் ஒன்று தட்டியது. நம் வீட்டில் இடது கைக்காரி நீ ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் உன் இடது கையில் அடித்தபோது, என் பிள்ளை எந்தக் கையில் வருகிறதோ அந்தக் கையில் எழுதட்டும் என்று சண்டை போட்டுவிட்டு வந்து, இடது பக்கம் பலகை வைத்து உனக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்தவர் அவர். அந்த நாற்காலியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் கடையிலேயே வாங்கிவிடுவது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அந்த இரும்பைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லத்தான் யாக்கூப் பாயை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் கைக்கு ஏதாவது இருக்கட்டும் என்று அந்தக் குட்டைக் கட்டையையே பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மழை. செல்லக்கண்ணுவின் ஆட்டுப் பட்டியை ஒட்டிப் பன்றி நடமாடுகிறது, நாய்கள் நிற்காமல் குரைக்கின்றன என்று சொல்லி அனுப்பினார்கள், உன் அப்பா ரைபிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் போன பிறகுதான் யாக்கூப் பாய் வந்தார், கூட அவர் மகள் பரீதாவும் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்ததில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். பிள்ளை நடுங்குகிறாளே என்று நான் உன் பெட்டியைத் திறந்து, நீ கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் போட்டுக்கொள்வாயே அந்தப் பச்சை கவுனைக் கொடுத்தேன். அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. பாய்க்குக் காப்பி கலந்து கொடுத்தேன். மழை தூறலாக ஆனதும், மரவள்ளித் தளிர் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போனால் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கலாம் மாமி என்று பரீதா கேட்டாள். முழுசாக வெறிக்கட்டும் இரு என்றேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பின நேரத்தில் பின்பக்கமாக இறங்கிவிட்டாள் போலிருக்கிறது.

அப்போதுதான் செல்லக்கண்ணு அந்தப் பக்கத்திலிருந்து, “பன்னி! பன்னி! உங்க மரவள்ளிக்குள்ள பூந்துடுச்சு அண்ணே!” என்று கத்தினார். அது காதில் விழுந்தது, ஆனால் பரீதா வெளியே போயிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மழை விட்ட நேரத்து மஞ்சள் வெளிச்சம், ஒரு காற்று இல்லை, ஒரு இலை அசையவில்லை. அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. “அப்பா” என்று. பயந்து அலறின குரல் இல்லை, பின்வாசலில் வந்து நின்றுகொண்டு சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி. யாக்கூப் பாய் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “புள்ள கூப்பிடுது” என்று எழுந்தார். இரண்டு பேரும் பின்வாசலுக்குப் போனோம். உன் அப்பா மரவள்ளிக்கு அந்த ஓரத்தில் ரைபிளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார், அது அவர் தோளில் உட்காராமல் திணறுகிறது, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் செடிகள் ஆடுகின்றன. அந்த இடத்திலிருந்து பச்சை கவுனும் கையில் ஒரு பிடி தளிருமாகப் பரீதா எழுந்து நின்றாள். உன் அப்பா ரைபிளை அப்படியே சேற்றில் போட்டுவிட்டார். நான் ஓடினேன். யாக்கூப் பாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. என்ன நடக்க இருந்தது என்பதுகூட அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. எதற்கம்மா அந்த நேரத்தில் எழுந்து நின்றாய் என்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “யாரோ அப்பான்னு கூப்பிட்டாங்க மாமி. யாருன்னு பார்க்க எழுந்தேன்” என்றாள். எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டேன். “பக்கத்துலேர்ந்துதான். என் இந்தக் கைப் பக்கம்” என்று இடது கையைக் காட்டினாள். அவள் தன் தகப்பனாரை அத்தா என்றுதான் கூப்பிடுவாள், அப்பா என்று அவள் வாயில் ஒரு நாளும் வராது. பாய்க்கும் அது அப்போதுதான் உறைத்தது, மகள் கையைப் பிடித்துக்கொண்டார், வீட்டுக்குப் போகும் வரைக்கும் விடவே இல்லை. பன்றிக் கால் தடம் எங்கேயாவது இருக்கிறதா என்று செல்லக்கண்ணு கம்பை ஊன்றிக்கொண்டு தேடிப் பார்த்தார், அது மரவள்ளிக்குள் நுழையவே இல்லை, ஓடைப் பக்கமாக இறங்கிப் போயிருந்தது.

அவர்கள் போன பிறகு உன் அப்பா சேறு படிந்த காலோடு சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தார். “கடைத் துப்பாக்கியா இருந்திருந்தா அது பாட்டுக்குத் தோள்ல உட்கார்ந்திருக்கும் முத்தாயி. நான் சுட்டிருப்பேன். பன்னின்னு நெனச்சு சுட்டிருப்பேன்” என்றார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். “உனக்கும் கேட்டுச்சா?” என்றார். கேட்டது என்றேன். “யார் குரல்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே” என்றார். பெற்றவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா? அப்புறம் அவர் அழுதார். உன்னைக் கப்பலேற்றிவிட்ட அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

மறுநாளே அவரும் யாக்கூப் பாயுமாகப் போய் இரும்பையும் லைசென்ஸையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். இனி வாங்குவதும் இல்லை, செய்வதும் இல்லை என்று சொல்லிவிட்டார். மருதப்பன் ஆள் பிடித்து வந்து தோட்டத்தைச் சுற்றித் துத்தநாகத் தகடு அடித்துக் கொடுக்கிறான், பன்றி வந்து அதில் முட்டுகிற சத்தம் கேட்கிறது, முட்டிக்கொண்டு போகட்டும். மரக்கட்டையை மட்டும் அவர் எரிக்க விடவில்லை. துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறார். நேற்று வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன், விபூதியை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள்.

பூவு, அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே இருந்தாய், உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா, எதையாவது நினைத்து எங்களைக் கூப்பிட்டாயா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது. நலமாக இருக்கிறேன் என்று முதலில் ஒரு தந்தி கொடு, ஒரு வார்த்தை போதும். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்து நின்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. என் தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், அந்தக் கட்டையை வெளியே எடுத்து, நூலை நீளவாக்கில் பிடித்து அளவாகக் கத்தரித்துக்கொண்டு வந்து இந்தக் காகிதத்தின் மேல் வைத்தார். “இதையும் வச்சு அனுப்பு” என்றார். உனக்கென்று அவர் சொன்னது இந்த இரண்டு வருஷத்தில் இதுதான்.

அம்மன் உன் கூடவே இருந்து காப்பாற்றுவாள். வேளைக்குச் சாப்பிடு, தனியாக இருட்டில் நடக்காதே, தீர்க்காயுசாக இரு. உறையைக் கிழிக்கும்போது நூல் விழுந்துவிடாமல் பார்த்து எடு. உன் இடது முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் அதைப் பிடித்துப் பார். நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் உடனே எழுது, நானும் உன் அப்பாவும் சிரித்துவிட்டுப் போகிறோம். சரியாக இருந்தால் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே அம்மா, கிடைக்கிற கப்பலில் ஏறி வந்துவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா முத்தாயி
(அப்பா சேதுபதி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்)