கடைசியில் தட்டிய எண்

அன்பு மாமாவுக்கு,

ஒத்தக்கடையில் மழை விட்டதா? அத்தையின் மூட்டுவலி குறைந்திருக்கிறதா? பின்லாந்தின் குளிரும் ஆஸ்பத்திரி வேலையும் உங்கள் மனைவிக்குப் பழகிவிட்டன.

போன ஞாயிறு நாம் ரேடியோவில் மோர்ஸ் தந்தி தட்டிப் பேசியதற்கான அத்தாட்சி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று உங்கள் சிக்னல் கொசு முனகுவதுபோல் வந்தது. ஒலியை முழுக்கக் கூட்டி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நீங்கள் முடிக்கிற நேரம் பார்த்து, நம்மைப்போல் வீட்டில் ரேடியோ வைத்துத் தட்டும் பக்கத்துத் தெரு ஹாம் ஒருவர் அதே அலைவரிசையில் தட்டத் தொடங்கினார். காதுக்குள் இடி! ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். பயப்படாதீர்கள், காது நன்றாக இருக்கிறது.

மறுநாளே இரண்டு டையோடுகளை எதிரெதிராகப் பற்றவைத்து ஹெட்போன் வயரில் சேர்த்தேன். இனி எவ்வளவு பலமான சிக்னலும் ஓரளவுக்கு மேல் ஏறாது. உங்களுடைய மெல்லிய சிக்னல் அப்படியே வரும். "இம்புட்டு நாளா இதச் செய்யாம என்ன புள்ள பண்ணுன?" என்று நீங்கள் திட்டுவது இங்கேயே கேட்கிறது.

உங்கள் பழைய லுங்கி ஒன்று அனுப்புங்கள், ரேடியோ மேசைக்கு விரிக்க. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த இடியில் நீங்கள் கடைசியாகத் தட்டிய எண் எனக்குக் கேட்கவில்லை. ஹாம்கள் எல்லோருக்கும் போடும் 73, வெறும் வாழ்த்தா? இல்லை 88, முத்தமா? போனில் கேட்டால் அத்தை பக்கத்தில் இருப்பதாக மழுப்புவீர்கள். இது கிடைத்ததும் வரும் ஞாயிறு மறுபடி தட்டுங்கள். உலகமே கேட்டால் கேட்கட்டும். அன்று போட்டது 73 என்றால், இந்த முறை திருத்திப் போடுங்கள்.

உங்கள்
அஸ்வினி