நீதவான், இறைச்சிக்கடைக்காரர், ஸ்ரேசன்மாஸ்ரர்

12.09.1985
மழை. வேலைக்குப் போகிற ஸ்ரீற்கார் இருபது நிமிடம் பிந்தியது. நேர்சிங் ஹோமில் இன்று எனக்கு இரண்டாம் மாடி. சுப்பவைசர் பேர்ணடெற் கூப்பிட்டு, "உனக்குப் பிரெஞ்சு தெரியுமெல்லோ, பதினாலாம் அறைக் கிழவரை நீ பார்" என்றா. கனடாவுக்கு வரமுதல் பாரிசில் இரண்டு வருசம் ஹோட்டல் அறை கழுவிப் படித்த பிரெஞ்சு. அது இங்கே வந்து உதவும் என்று ஆர் கண்டது.

பெயர் ஒக்தாவ் மெர்லான். எண்பத்தொரு வயது. தம்பியோடு இருக்கவென்று பிரான்சிலிருந்து வந்தவராம். தம்பியும் செத்துப்போக ஒருவருமில்லை. முகம் துடைத்துவிட்டேன். தான் நீதவானாக இருந்தவர் என்றார். சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்தார் – நான் எதைக் களவெடுத்தேன் என்று யோசித்தே விட்டேன்.

19.09.1985
இன்று இறைச்சிக்கடைக்காரராம். ஆட்டுத் தொடையில் கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். போன கிழமைதானே ஐயா நீதவான்?

20.09.1985
இன்று பாதிரியார். எனக்குப் பாவமன்னிப்பும் தந்தார். வேண்டி வைத்திருக்கிறேன்.

03.10.1985
ஸ்ரேசன்மாஸ்ரர். நல்ல ஸ்ரேசன்மாஸ்ரர் ரெயினைப் பார்க்கமாட்டாராம், மணிக்கூட்டைத்தான் பார்ப்பாராம். ரெயின் போன பிறகுதான் தொப்பியைக் கழற்றுவாராம்.

அவர் சொல்வதை நான் இங்கிலிசில் சொல்ல, பேர்ணடெற் பைலில் எழுதுகிறா. வீட்டில் இவருக்குச் சொன்னேன். "கிழவன் நல்லாப் புளுகுது" என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

20.10.1985, ஞாயிறு
எழுதாமல் படுக்கேலாது.

பின்னேரம் உடுப்பு மடிச்சுக்கொண்டு பிரெஞ்சுச் சனலைப் போட்டன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகி ரெயின் ஏறுறாள், கதாநாயகன் பிளாற்போமில நிண்டு அழுறான். அவனுக்குப் பின்னால ஒரு ஸ்ரேசன்மாஸ்ரர். ரெயினைப் பாக்கேல்லை. மணிக்கூட்டைப் பாக்கிறார். ரெயின் போகுது. ஆறுதலாத் தொப்பியைக் கழட்டுறார் – என்ர அம்மாளாச்சி, மெர்லான்! மீசை கறுப்பு, கன்னம் நிரம்பின முகம், ஆனா அதே மெர்லான்.

அழுறவனை விட்டுட்டு அந்தத் தொப்பியைப் பாத்து நான் அழுதன். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை மனுசன். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிரிவு முழுக்க அவற்ற கையிலதான் இருந்தது. நான் போய்ப் புளுகர் எண்டு நினைச்சனே!

21.10.1985
"மிசியே, நீங்கள் நடிகரா?" என்று கேட்டேன்.

"வேறென்ன?"

"அதை ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நடிகர் என்றால் போஸ்ரரில் முகம் இருக்க வேண்டும், மதாம் சந்ரா. எனக்கு இருந்தது தொழில்கள்தான்."

சந்திரவதனா அவருக்கு வாயில் நுழையாது. நாற்பது வருசம், நூற்றிமுப்பது படமாம். பத்தொன்பது தரம் செத்தாராம்; ஒருத்தியும் ஒரு முத்தம் தரவில்லையாம். ஒவ்வொரு வேசத்துக்கும் முதல் அந்தத் தொழில்காரரோடு ஒரு கிழமை போய் நிற்பாராம். இரண்டு நிமிசத்துக்கு ஒரு கிழமையோ என்றேன். "இரண்டு நிமிசத்தில் பொய் சொன்னால், திருத்துவதற்கு மூன்றாவது நிமிசம் தரமாட்டார்களே" என்றார்.

விண்ணன். வேறு சொல் இல்லை.

04.11.1985
பதினாலாம் அறையை மூன்றாம் மாடிக்கு மாற்றப்போகிறார்கள். மூன்றாம் மாடி என்றால் தங்களையே மறந்தவர்களின் மாடி, கதவு எந்நேரமும் பூட்டு. வியாழன் பதினாலாம் திகதி கூட்டம், டொக்டர் முடிவு சொல்வார். காரணம் பைலில் இருக்காம்: ஒரு நாள் நீதவான், ஒரு நாள் பாதிரியார்.

அது நான் சொல்லிக் குடுத்ததெல்லோ! என்ர வாயாலதானே! பேர்ணடெற்றிட்ட ஓடிப்போய், அவர் நடிகர், எல்லாம் அவற்ற வேசங்கள் எண்டு சொன்னன். பாவம் பாத்து என்ர தோளில தட்டினா. பிறகு பேனையை எடுத்து அதையும் எழுதினா: இப்ப நடிகராம்.

08.11.1985
பேப்பரில் ஞாயிற்றுக்கிழமைப் படங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றில் கையை உயர்த்தினார். "இதில் நான் நீதவான். கடைசியில் வருவேன். தீர்ப்புக்கு முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பேன், பிறகு போடமாட்டேன். தண்டிக்கப்போகிற பையனின் முகம் தெரியக்கூடாது என்று." அப்படியே ஒரு கடுதாசியில் எழுதி, திகதி போட்டு, பேர்ணடெற்றிடம் கையெழுத்தும் வேண்டிவிட்டேன். விசரி என்று நினைத்திருப்பா. நினைக்கட்டும்.

10.11.1985, ஞாயிறு
படத்தைப் பதிய எங்களிடம் டெக் இல்லை. பக்கத்து வீட்டு யோகமலர் அக்காவிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நாலு குடும்பம் கூடித் தமிழ்ப்படம் பார்ப்பதும் அதில்தான். அவ வேலைக்குப் போய்விட்டா, திறப்பு என்னிடம். எல்லாம் சரி – வெறுங் கசற் வேண்ட மறந்துபோனன்! ஞாயிறு, கடை ஒண்டும் திறவாது. படமோ முடியப்போகுது. குவியலில் பேர் ஒட்டாத ஒன்றை இழுத்துப் போட்டேன்.

துடைச்சார்! கண்ணாடியைத் துடைச்சார், போடேல்லை!

11.11.1985
பேர் ஒட்டாத கசற், கொழும்பில் நடந்த யோகமலர் அக்காவின் தங்கச்சியின் கலியாணம்.

12.11.1985
அக்கா வாசலில் நின்று கத்தினா. "மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்கிறார், கெட்டிமேளம் தொடங்குது, உடன உன்ர வெள்ளைக்காரன் வந்து தூக்குத்தண்டனை குடுக்கிறான்! உது என்னடி கலியாணம்?"

அவ போகமுடியாமல் போன கலியாணம். அந்தக் கசற்றில்தான் கண்டவ. எனக்கு ஒரே வெட்கம். ஆனாலும் – வியாழன் மட்டும் அதைத் தாங்கோ அக்கா என்று கேட்டேன். கேட்டேனே, என்ன துணிவு! கசற்றை என் காலடியில் போட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினா.

14.11.1985
அக்காவிடம் டெக்கைக் கேட்க முகமில்லை. ஹோமில் ஒன்று இருந்தது, கூட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவசரத்தில் கசற்றை அளவுக்கு மிஞ்சிப் பின்னால் சுற்றிவிட்டேன்: முதலில் ஐயர், ஓமப்புகை, மணவறை, நாதஸ்வரம். டொக்டர் கண்ணை வெட்டாமல் பார்த்தார். தாலி எழும்பியது, நீதிமன்றம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தார் மெர்லான். தீர்ப்பைச் சொல்லும்போது குரல் உயரவே இல்லை. டொக்டர் கடுதாசியைப் பார்த்தார், பேர்ணடெற்றின் கையெழுத்தைப் பார்த்தார், இன்னொருதரம் போடச் சொன்னார். பிறகு சக்கரக்கதிரையில் அவரைக் கூட்டிவந்து, அது நீங்கள்தானா என்று கேட்டார்.

"இல்லை டொக்டர், அது நீதவான். நான் உள்ளுக்கு இருந்தனான்."

நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பதினாலாம் அறையிலேயே இருக்கட்டும் என்று டொக்டர் எழுதினார். பேர்ணடெற் என்னிடம் மன்னிப்புக் கேட்டா. நான் மெர்லானிடம் கேட்டேன்.

02.03.1986
கொழும்பிலிருந்து கலியாணத்தின் வேறொரு பிரதி வந்துவிட்டதாம். யோகமலர் அக்கா திரும்ப என்னோடு கதைத்தா. முதல் கேள்வி: "அந்தப் பெடியனைத் தூக்கிலை போட்டவங்களோ?"

08.02.1987, ஞாயிறு
இப்போது ஞாயிறுகளில் ஹோமின் ஹோலில் எல்லாரும் இருந்து பார்ப்பது மெர்லானின் படம். இன்று ஹோட்டல் வாசற்காவலன். மொத்தம் நாலு தரம் கதவு திறந்தார். நாலு தரமும் வேறு வேறு மாதிரி. பணக்காரனுக்கு ஒரு திறப்பு, கடன்காரனுக்கு ஒன்று. பேர்ணடெற் கைதட்டினா. அவர் தட்டவிடவில்லை. "பேசாமல் இருங்கோ, அந்தப் பெண் கதைக்கிறாள்" என்று கதாநாயகியைக் காட்டினார்.

17.04.1988, ஞாயிறு
அதே ஸ்ரேசன்மாஸ்ரர் படம் திரும்பவும் போட்டார்கள். ரெயின் போனது, தொப்பி கழன்றது. மெர்லான் என் கையைத் தட்டி, "ஆர் அந்த ஆள்?" என்றார்.

பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை.

"நல்லாச் செய்யிறான். முன்னால் நிற்கிறவனைக் கெடுக்காமல் நிற்கிறான். பெயரை விசாரித்துச் சொல்லும், மதாம்."

சொன்னேன். அழகான பெயர் என்றார்.

09.05.1988
இந்தமுறை பைல் சரி. டொக்டர் கவலையோடுதான் எழுதினார். நானும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோகிறார்கள்.

காலையில் முகம் துடைக்கும்போது, இன்று தான் என்ன தொழில் என்று கேட்டார். தபால்காரர் என்றேன். உடனே தோளைச் சரித்தார், பாரமான பையொன்று தொங்குகிற மாதிரி. இல்லாத கடிதமொன்றை எடுத்து, தூரப்பிடித்து விலாசம் வாசித்து, எனக்கு நீட்டினார். ஒன்றும் மறக்கவில்லை, தன்னைத் தவிர.

மத்தியானம் பேர்ணடெற்றிடம் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன், மூன்றாம் மாடிக்கு. அங்கே ஒருவரும் தாங்களாகக் கேட்டுப் போவதில்லை, ஏன் என்றா.

"அவர் இன்னும் நடிச்சுக்கொண்டுதான் இருக்கிறார். முன்னால இருந்து பாக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமெல்லோ" என்றேன்.