எள்ளுக்கடியில் கிடந்த வயல்

11.2.1946, திங்கள்

நாலாம் பாரத்துக்கு இன்று பருவக்காற்றுப் பாடம். பாதிப் பிள்ளைகள் ஜன்னல் காற்றிலேயே தூங்கிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே கொட்டாவி வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கோட்டைக்குள் நாகேஸ்வரன் சார் வீட்டுக்குப் போனேன். சரித்திரச் சங்கத்தின் காரியதரிசி. என் வீட்டுக்காரர் அருமை 1939-ல் விமானத்திலிருந்து எடுத்த படத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம்.

"பழைய வயல்னு நீங்க சொல்றேள். எனக்குக் கீறலாட்டம் படறது. கண்ணாடித் தகடு, மழைக்காலம், பூசணம்... உங்காத்துக்காரர் எடுத்ததுங்கறதால உங்களுக்குக் கோடு தெரியறதோ என்னமோ. தப்பா எடுத்துக்கப்படாது."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். முகத்தில் காட்டவில்லை.

"நேர்ல போய்ப் பாருங்கோ. தரையில அந்தக் கோடு இருந்தா சங்க மலர்ல அவர் பேரோட போட்டுடறேன். இல்லேன்னா விட்டுடுவோம்."

விட்டுவிடுவதாம்! யுத்தத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்த வழியிலேயே இறந்துபோன மனுஷன். கல்லறை கூடக் கிடையாது. உலகத்தில் அவர் கண்டுபிடித்தது என்று இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் கீறலா?

13.2.1946

சமையலறைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாடை அடிப்பதாக ஒரு பிரமை. அன்று அதுதான் எங்கள் இருட்டறை.

சனிக்கிழமை ஆனால் அருமை சைக்கிளை மிதித்துக்கொண்டு விமானத் திடலுக்கு ஓடுவார். அங்கே ஒரு விமானி சிநேகிதன். பின்சீட்டு காலியாக இருந்தால் ஏற்றிக்கொள்வான். மதியம் தலையெல்லாம் மணலும் பெட்ரோல் வாடையுமாக வந்து நிற்பார். ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, விளக்குக்குச் சிவப்புத் துணி சுற்றி, தட்டில் மருந்தை ஊற்றிவிட்டு, "ராஜீ, நீ ஆட்டு. உனக்குத்தான் கை நிதானம்" என்பார். தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டுவேன். எங்களுக்குத் தொட்டில் ஆட்டக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

கீழ்விளாகம் கிராமத்து வயலை எடுத்த கண்ணாடித் தகடும் அப்படித்தான் என் கையில் தெளிந்தது. முதலில் வட்டக்குளம். அப்புறம் மெல்ல மெல்ல, குளத்துக்குப் பக்கத்தில் கோடுகள்.

"இஞ்ச பாரு, வயலுக்குக் கீழ இன்னொரு வயல் கெடக்கு!" என்று கத்தினார். அவர் அம்மா, என் மாமி, வெளியிலிருந்து கதவைத் தட்டி, பாம்பா என்று கேட்டார்கள்.

மழை இல்லாத வருஷத்தில் எள்ளுச் செடி வாடும். ஆனால் எந்தக் காலத்திலோ தூர்ந்துபோன வாய்க்காலுக்கு மேலே நிற்கும் செடி மட்டும் ஆழத்து ஈரத்தைக் குடித்துப் பச்சையாக நிற்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது வெறும் செடி. ஆகாயத்திலிருந்து பார்த்தால் கோடு. இங்கிலாந்தில் இப்படித்தான் பழைய வயல்களைக் கண்டுபிடிக்கிறார்களாம். கீழ்விளாகத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், எல்லாம் கோணலாக. இப்போதைய வரப்புகளுக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

அன்று எடுத்த அச்சைப் பட்டாளத்துக்குப் போகும்போது கூடவே கொண்டுபோனார். திரும்பி வந்தது தந்தி மட்டும். தகடு பெட்டியில் கிடந்தது. போன மாதம்தான் ஆரியசாலை ஸ்டுடியோக்காரர் பகவதிப்பெருமாளிடம் கொடுத்துப் புதிதாக அச்சு எடுத்தேன்.

16.2.1946, சனி

தம்பானூரில் பஸ் பிடித்துக் கீழ்விளாகம் போய்வந்தேன். படத்தில் குளத்துக்குக் கிழக்கே கோடுகள். கிழக்கு வயலில் எள் பூத்து நிற்கிறது. வரப்பு வரப்பாக நடந்தேன். ஒரே மாதிரி வாட்டம். பச்சைக்கோடு ஒன்று? கிடையாது. குளக்கரையில் ஏறியும் பார்த்தேன். மறுபக்கம் தாழம்புதர் மறைத்தது. அங்கே எனக்கு என்ன வேலை?

சாலை வளைவு கூடப் படத்திலிருக்கிற மாதிரி இல்லை. யுத்தத்தில் லாரி போக வெட்டி நேராக்கியிருப்பார்கள்.

வயலுக்குச் சொந்தக்காரர் நேசையன் தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்தார். "டீச்சரே, வல்லதும் களஞ்சு போச்சா?" எதைத் தொலைத்தேன் என்று சொல்வது?

குளத்துக்கு ரெண்டு பக்கமும் அவர் நிலம்தானாம். அடுத்த மாதக் கடைசியில் எள் பிடுங்கிவிடுவாராம். பிடுங்கினால் தீர்ந்தது.

17.2.1946

கோவிலில் போதகரின் பிரசங்கம் காதில் ஏறவில்லை. நாகேஸ்வரன் சார் சொன்னது சரிதானோ? ஆசைதான் எனக்குக் கோடு போட்டுக் காட்டியதோ?

24.2.1946, ஞாயிறு

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அருமையின் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. தந்தி வந்த பிறகு அச்சடித்துச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தால் யாரோ ஒருவர் நிற்கிறார். மூன்று வருஷமாக அப்படித்தான். மனசில் இருப்பது ஒரு முகம், சுவரில் இருப்பது இன்னொன்று. நான்தான் மறக்கிறேன். வேறென்ன? எட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது வரலாமா? பாவி.

2.3.1946, சனி

மாமி சுவர்ப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். விமானம் என்றாலே மாமிக்கு ஆகாது. அந்தக் கிறுக்குதான் மகனைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோயிற்று என்று கோபம். கீழ்விளாகம் படத்தை இதுவரை கையால் தொட்டதில்லை. ஆனால் சுவர்ப் படத்தைத் தினமும் துடைப்பார்கள்.

துடைத்த கை நின்றது. "மக்களே, இவனுக்கு சட்டப்பை எப்பிடி வலத்த வந்து? பேனாவ இடத்தல்லா குத்துவான், நெஞ்சுக்க மேல?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பை வலப்பக்கம். தலைவகிடும் வலப்பக்கம். அவர் இடப்பக்கம் வகிடு எடுப்பவர், எத்தனை நாள் என் சீப்பைக் கெடுத்திருக்கிறார்!

படம்தான் இடம்வலம் மாறிக் கிடக்கிறது. நான் மறக்கவில்லை. நான் மறக்கவே இல்லை!

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமி பயந்துபோய் வெந்நீர் வைத்தார்கள். அழுது முடித்தபோதுதான் உறைத்தது: சுவர்ப் படத்தை அச்சடித்தவரும் பகவதிப்பெருமாள்தானே! அப்படியானால் கீழ்விளாகம் படமும்?

4.3.1946, திங்கள்

பகவதிப்பெருமாள் இரண்டு தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூச்சமே இல்லை.

"ஆமா டீச்சர், கண்ணாடிப் பக்கத்த காயிதத்துல வச்சுத்தான் அடிச்சேன். மருந்துப் பக்கம் பூசணம் புடிச்சு இளகிக் கெடந்து. அத வச்சா காயிதத்துல ஒட்டி உரிஞ்சுரும். தகடு போச்சுன்னா உங்க சாருக்க முகம் போச்சுல்லா?"

"இடம்வலம் திரும்பிப்போகுமே அண்ணாச்சி, சொல்ல வேண்டாமா?"

"ஆளுக படத்துல அத யாரு பாக்கா? கண்ணாடியில பாத்துப் பழகினவுகளுக்கு அதுதான் பிடிக்கும். வயலுக்கும் முகம் உண்டும்னு எனக்குத் தெரியுமா?"

திட்டுவதற்காகத்தான் போனேன். எப்படித் திட்டுவது? தகட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் படத்தில் கிழக்கே இருந்தது தரையில் மேற்கே! சாலையை யாரும் வெட்டவில்லை, பாவம், நான்தான் லாரிமேல் பழி போட்டேன். பூகோள டீச்சர் திசை தெரியாமல் நின்ற கதை பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டாம்.

9.3.1946, சனி

மேற்கு வயல். தாழம்புதரைச் சுற்றிப் போனேன். தரையிலிருந்து பார்த்தால் அங்கங்கே செடி கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். நேசையனிடம் ஏணி கேட்டேன். பனையில் சாத்தி, கீழே பிடித்துக்கொண்டார். "டீச்சரே, பதுக்கெ. விழுந்தா உங்க பள்ளிக்கூடத்துக்கு நான் சமாதானம் பறையணும், கேட்டோ!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். வெயில் சாய்ந்திருந்தது.

கோடு இருந்தது. ஒன்று, அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று, அப்புறம் ஒரு முழுச் சதுரம், கோணலாக, வாடிய எள்ளுக்கு நடுவே பச்சையாக. தட்டில் என் கைக்குள் தெளிந்த அதே சதுரம்.

"இருக்கு! அருமை, இருக்கு!" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, நேசையன் சொல்லித்தான் தெரியும்.

16.3.1946, சனி

நாகேஸ்வரன் சாரை இழுத்துக்கொண்டு போனேன். வேஷ்டியைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவரும் ஏறினார். மேலே போனவர் இறங்குவதாகக் காணோம்.

இறங்கியதும், "கீறல்னு சொன்னது என் வாய்தான். மன்னிக்கணும்" என்றார். மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

30.3.1946, சனி

எள் பிடுங்கியாயிற்று. அதற்கு முன்பே கோட்டின்மேல் நான் நட்டுவைத்திருந்த முளைக்குச்சிகளை அடையாளம் வைத்து நேசையனும் அவர் தம்பியும் கோட்டுக்குக் குறுக்கே ஒரு குழி வெட்டினார்கள். இடுப்பளவில் செம்மண்ணுக்கு நடுவே கறுத்த வண்டல், வாய்க்கால் வடிவத்திலேயே. அடியில் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள். ரொம்பப் பழசு, எந்த நூற்றாண்டென்று இப்போது வாயைவிட மாட்டேன் என்கிறார் சார்.

வண்டலைக் கையில் எடுத்தேன், இன்னும் ஈரமாயிருந்தது. இதைக் காட்ட அருமை இல்லையே என்ற வருத்தம் அப்போதுதான் சரியாக வந்து பிடித்தது. சாயந்திரம் கடற்கரைக்குப் போய், முன்பு நாங்கள் உட்காரும் இடத்தில் கடலை கொறித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

22.4.1946, திங்கள்

நேற்று உயிர்த்தெழுந்த ஞாயிறு. இன்று விடுமுறை. சங்க மலரின் அச்சுப்படி வந்தது. முழுப் பக்கத்துக்குக் கீழ்விளாகம், இந்தத் தடவை சரியான பக்கமாக. கீழே "படம்: அருமைநாயகம், 1939."

மேஜைமேல் வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மாமி வந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதன்முதலாக, தானாகவே அதைக் கையில் எடுத்தார்கள். குளத்தைத் தடவினார்கள், கோடுகளைத் தடவினார்கள், மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள்.

"மக்களே, இதுல அவன் எங்க நிக்கான்?"

கீரையைக் கீழே வைத்தேன்.

"இதுல இல்ல மாமி. அவிய மேல இருக்காவ. அங்க இருந்துதான் இதப் பாக்காவ."

மாமி படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "நல்லாத்தான் பாத்திருக்கான்" என்றார்கள்.