காலியாக வந்த அடை டப்பா

ஆடி 9, திங்கள்

காற்று. கோட்டை மலையே தெரியாத அளவுக்குப் புழுதி. பேத்தி செல்விக்கு ஏழாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் ஓடும்போது மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லையாம். நர்சம்மா சொன்னது: "கேவுரு, கீரை, மல்லாட்ட குடு ஆயா. கடப் பாக்கெட் தீனி வேணவே வேணாம். இப்பிடியே விட்டா புள்ள தாங்காது."

கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை அடை மூன்று. டப்பா காலியாக வந்தது. நிம்மதி.

ஆடி 11, புதன்

டப்பா இன்றும் காலி. முகம் மட்டும் சுண்ணாம்பு. இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு. நாக்கை நீட்டச் சொன்னேன். ஆரஞ்சு!

"இன்னாடி தின்ன?"

"அடதான் ஆயா."

பொய்.

ஆடி 12, வியாழன்

மதிய மணிக்குப் பள்ளி வாசல். எதிரே அம்சா கடை. குழாயடியில் என் குடத்தை எட்டி உதைத்தவள். செல்வி அவள் அம்மா வயிற்றில் இருந்த வருடம், பங்குனி, செவ்வாய்க்கிழமை. மறப்பேனா?

செல்வி டப்பாவை நீட்டினாள். அம்சா அடையை எடுத்துக்கொண்டு ஆரஞ்சு நிறக் காரப் பாக்கெட் இரண்டு கொடுத்தாள்.

முதல் கல்லுக்கு மிட்டாய் பாட்டில். இரண்டாவது அவள் நெற்றிக்கு.

"ஐயோ, கிழவி கொல்றாளே!"

"கொல்லத்தாண்டி வந்தேன்!"

முடியைப் பிடித்து இழுத்தேன். ஒரு கொத்து கையோடு வந்தது. உடைந்த பாட்டில் என் காலைக் கிழித்தது.

வீட்டில் செல்விக்குத் தோசைக்கரண்டியால் அடி. உதடு கிழிந்தது. "கீர கசக்குது ஆயா" என்று அழுதாள். இருந்த கொஞ்சம் ரத்தத்தையும் நானே சிந்தவைத்தேன்.

ஆடி 13, வெள்ளி

செல்வியின் டீச்சர் என்னையும் அம்சாவையும் பள்ளிக்குக் கூப்பிட்டார். அம்சாவுக்கு மூன்று தையல். எனக்குக் காலில் கட்டு.

"அடைய வாங்கி இன்னாம்மா பண்ணீங்க?" என்றார் டீச்சர்.

அம்சா தரையைப் பார்த்தாள். "எம் பேத்திக்குக் குடுத்தேன். ஆறாவது படிக்குது. அதுக்கும் ரத்தம் கம்மின்னாங்க. நாள் பூரா கடையில நிக்கிறேன், எங்க சுடறது?"

"உங்க கட பாக்கெட்ட அது தின்னாதா?" என்றார் டீச்சர்.

"தொட்டா கைய ஒடிச்சிர மாட்டேன்?"

பாய்ந்தேன். டீச்சர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் நான்காவது தையல்.

ஆடி 16, திங்கள்

தூறல். கீரையைக் குறைத்து, வெல்லமும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் இடித்துப் போட்ட அடை. செல்வி என் எதிரிலேயே தின்றாள், உதடு எரிய எரிய. "கசக்கல" என்றாள். கிழிந்த உதட்டில் நெய் தடவிவிட்டேன்.

இன்னொரு டப்பாவில் இரண்டு அடை, அம்சா பேத்திக்கு. குழந்தை என்ன செய்யும்?

மடியில் ஒரு கல். போனதைவிடப் பெரியது. அவள் கடையில் இன்னும் பாக்கெட் தொங்குகிறதா என்று போய்ப் பார்க்கவேண்டும்.