தண்ணீரை விட்டுத் தூக்காத மீன்

ஆல்டர் கிராசிங், வாஷிங்டன்
மார்ச், ஞாயிறு காலை

அன்பு மகள் கெல்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். டெக்சஸ் வெயிலில் நீயும் மாப்பிள்ளை பிரெண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. படகின் தார்ப்பாய் மறுபடியும் கிழிந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்று வைத்துவிட்டேன்.

அம்மாவுக்குப் போன வருஷம் எடுத்த கட்டி திரும்ப வந்திருக்கிறது. இந்த முறை ஈரலுக்கும் பரவிவிட்டதாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவளா நெனச்சு வரட்டும், பாவம் பாத்து ஒண்ணும் வர வேணாம்" என்கிறாள். அந்தப் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? அப்படியே உனக்கும் வந்திருக்கிறதே.

ஆற்றிலும் நல்ல சேதி இல்லை. இந்தக் குளிர்காலம் கடலிலிருந்து ஏறி வந்த ஸ்டீல்ஹெட் மீன்கள் மிகக் குறைவு. மாதக் கடைசியில் யாரும் மீன்பிடிக்கக் கூடாதென்று ஆற்றை மூடுகிறார்கள். அடுத்த வருஷம் திறப்பார்களா, தெரியாது. அதைக் கேட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்து, "வெர்ன், என்ன ஒரு தடவ கூட்டிட்டுப் போ" என்றாள். டாக்டர் திட்டுவார் என்றேன். "திட்டட்டும், அந்தாளுக்கு வேற வேல என்ன" என்றாள். போர்வையோடு தூக்கிப் படகில் உட்காரவைத்தேன்.

பெரிய பாறைக்குக் கீழே ஒரு ஸ்டீல்ஹெட் மாட்டியது. தூண்டில் கழியை நான் தாங்கிக்கொள்ள, நூலை அவளே சுற்றினாள். வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னத் துடுப்பு வெட்டப்படாமல் முழுசாக இருந்தது. அடையாளத்துக்காக அதை வெட்டிப் பண்ணையில் வளர்த்து விட்ட மீனல்ல, ஆற்றிலேயே பிறந்தது. அப்படிப்பட்டதைச் சட்டப்படி தண்ணீரை விட்டு எடுக்கவே கூடாது.

எனக்கு ஆசை, கெல்சி. அவள் மடியில் அந்த மீனை வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். "ஒருத்தரும் இல்ல லொரெய்ன், ஒரே நிமிஷம் தூக்கிக்கோ" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஊரையே நிக்கவச்சுக் கேள்வி கேட்டவ நான். எனக்குன்னு வந்தா வேற சட்டமா? அது மூச்சு விட வேணாமா?" என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் கைவிட்டு, மீனின் வயிற்றைத் தாங்கி, தலையை நீரோட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். தெம்பு வந்ததும் அது வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் அழுதாள். நானும்தான்.

திரும்பும் வழியில் அவளாகவே பிரெண்டின் பேச்சை எடுத்தாள். படகுத்துறையில் அவன் இப்படி ஒரு மீனைப் போட்டோவுக்காகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றதும், எல்லார் முன்னாலும் அம்மா அவனைக் கொலைகாரன் என்று கத்தியதும், அன்று கிளம்பிய நீங்கள் இன்றுவரை வராததும் எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம். "மீன் விஷயத்துல நான் சொன்னது சரிதான், அத மாத்த மாட்டேன். ஆனா அந்தப் பையன் மொகம் சுருங்கிப்போச்சே, வெர்ன். தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அன்று படுத்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. சூப் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். மீன் தெரியாது. அம்மாவின் குனிந்த முதுகும், தண்ணீருக்குள் இறங்கிய கைகளும்தான் தெரியும். பிரெண்டுக்கு அனுப்பச் சொன்னது அவள்தான். நோயைச் சொல்வது மட்டும் என் வேலை, சத்தியம் போனால் போகட்டும்.

வாம்மா. அவனையும் கூட்டிக்கொண்டு வா. மாதம் முடியட்டும் என்று இருந்துவிடாதே. அம்மா திட்டுவாளோ என்று அவன் தயங்கினால், அவளுக்கு இப்போது குரலே எழும்புவதில்லை என்று சொல். அவனைக் கண்டதும் ஒரு தடவையாவது பழையபடி கத்திவிட மாட்டாளா என்றுதான் நான் தினமும் கடவுளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
வெர்ன்